கோல மணைக்கு எந்த வண்ணம்: போஸ்டர் கலரா, எனாமலா, அக்ரிலிக்கா?

என் அண்ணன் மகளின் திருமணம் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நடந்தபோது, மணமக்கள் அமர்ந்த இரண்டு மணைகளுக்கும் கோலம் தீட்டியவள் நான். ஓவியம் எனக்குத் தொழில் அன்று. அலுவலகம் போக மிஞ்சும் மாலைகளில் மணை, அகல்விளக்கு, ஆரத்தித் தட்டு ஆகியவற்றில் கோலமும் மயிலும் தாமரையும் வரைந்து உறவினர்களுக்குக் கொடுத்துவருகிறேன். இந்த ஐந்தாண்டுகளில் போஸ்டர் கலர், எனாமல், அக்ரிலிக் மூன்றையும் மணையில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது அக்ரிலிக்கில் நிலைத்திருக்கிறேன். தீட்டிய மணையை இந்த ஊர் ஈரப்பதத்தில் ஆண்டுக்கணக்காகக் கெடாமல் வைத்திருக்க முடிகிறதா என்பதை வைத்தே அந்த முடிவுக்கு வந்தேன்.

விலையில் போஸ்டர் கலர்தான் மலிவு. அதுவும் அக்ரிலிக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் கிடைக்கும். எனாமலை வீட்டருகே உள்ள ஹார்ட்வேர் கடையிலேயே வாங்கலாம். நிறம் வெளுக்குமோ என்று கோல மணைக்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காவி நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு, அதாவது செம்மண்ணுக்கும் காவிக்கல்லுக்கும் நிறம் கொடுக்கும் அதே பொருள். வெள்ளைக்கு டைட்டானியம். வெயிலை நன்றாகத் தாங்கும் நிறமிகளில் இவை இரண்டும் முன்வரிசையில் இருப்பவை. மயில், தாமரை என்று போகும்போதுதான் கவனம் வேண்டும். ஒளிரும் இளஞ்சிவப்பும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பும் சன்னலோர வெளிச்சத்தில் மங்கிவிடும்.

கோடு இழுக்கும் சுகத்தில் போஸ்டர் கலரை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. நீள்மயிர்த் தூரிகையில் எடுத்தால் இழைக்கோலம் மாக்கோலத்தைப் போலவே பளபளப்பின்றி அமையும். தவறினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் போடலாம். ஆனால், துடைத்தால் போகும் என்ற அந்தக் குணமே மணைக்குப் பகை. நிறமியைப் பிடித்து வைத்திருப்பது நீரில் கரையும் பசை. எத்தனை நாள் காய்ந்தாலும் ஈரம் பட்டால் அது மீண்டும் இளகும். நான் முதலில் தீட்டிய மணையில் நலங்குக்காக அமர்ந்த பெண்ணின் ஈரப் பட்டுப்புடவையில் காவி ஏறிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பசை பூஞ்சைக்கும் உணவு. வடகிழக்குப் பருவமழை முடிந்து அலமாரியைத் திறந்தபோது, வெள்ளை இழைகளின் மேல் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன. துடைத்தேன், புள்ளிகளோடு கோலமும் சேர்ந்து வந்துவிட்டது.

எனாமலை மூன்று மணைகளில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அந்த அளவு அனுபவத்தை வைத்தே பேசுகிறேன். அது கெட்டியானது, வழுவழுப்பானது, தண்ணீருக்கு அஞ்சாதது. ஆனால், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெதுவாக இறுகும் வண்ணம் என்பதால் நாள்கணக்கில் காயவைக்க வேண்டியிருக்கிறது. டர்பன்டைன் வாடையோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டிய பொது நடைவழி, மணைகளைப் பரப்புவதற்கு ஏற்ற இடமும் அன்று. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், எனாமலின் வெள்ளை அலமாரி இருட்டில் மஞ்சளாகிவிடுகிறது. கோலத்துக்கு வெண்மைதான் உயிர். மஞ்சளான இழைகளின் மேல் அக்ரிலிக் வெள்ளையைத் தீட்டிச் சரிசெய்யப் பார்த்தேன். வழுவழுப்பான எனாமலில் பிடிக்காமல் அது தோலாக உரிந்துவந்தது.

அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டுகிறோம். தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று கலந்து மெல்லிய படலமாகின்றன, அந்தப் படலம் பிறகு தண்ணீரில் கரைவதில்லை. அரை மணி நேரத்தில் தொடலாம், வாடை குறைவு, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. மின்விசிறிக்கு அடியில் அமர்ந்தால் தூரிகை நுனியிலேயே காய்ந்து கோடு திக்குவது உண்மை. விசிறியை நிறுத்திவிட்டு, வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்கிறேன்.

இதிலும் பூஞ்சை வரவே வராது என்று சொல்ல மாட்டேன். இங்கு மழையில்லாத நாளிலும் ஈரப்பதம் பிற்பகலில்தான் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இறங்கும். விடியலுக்கு முன் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் படிந்த இடங்களில் பூஞ்சை வந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் அது போயிற்று. கோலம் அப்படியே இருந்தது. எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும். நலங்கு மஞ்சள் வெள்ளை இழைகளில் ஏறினால் மணையைச் சில நாள் சன்னல் வெயிலில் நிறுத்துகிறேன். மஞ்சள் கறை வெளிச்சத்தில் தானே வெளிறிவிடும். ஓர் இழை பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மீண்டும் தீட்டலாம்.

அக்ரிலிக்கிலும் ஒரு பெருங்குறை உண்டு. அதை நான் ஒரு ஜோடி மணைகளைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். நம் ஊர் வெப்பத்தில் அந்தப் படலம் முழுமையாக இறுகுவதில்லை, தொட்டுப் பார்த்தால் தெரியாத அளவுக்கு மென்மையாகவே இருக்கிறது. கோலமும் கோலமும் நேருக்கு நேராக இருக்கும்படி இரண்டு மணைகளைத் துணியில் சுற்றி அடுக்கி வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது துணியின் இழைத்தடம் காவியில் பதிந்திருந்தது, தாமரை இதழ்கள் துணியோடு போய்விட்டன. அதன்பின், தீட்டி ஒரு வாரம் காயவிட்டு, நீரில் கரையும் பாலியுரித்தேன் வார்னிஷை மெல்லியதாக இரண்டு பூச்சுப் பூசுகிறேன். அது அக்ரிலிக்கைவிடக் கடினமான மேற்பரப்பைத் தருகிறது. தெளிப்பு வார்னிஷை ஒரு மழைநாளில் அடித்துப் பார்த்ததில் காவி முழுவதும் பால் படர்ந்தாற்போல் வெளிறிவிட்டதால், அதை விட்டுவிட்டேன். மணையின் அடிப்பக்கத்துக்கும் வண்ணம் பூசுவது அவசியம். மேற்புறம் மட்டும் பூசினால் பலகை ஒருபுறமாக ஈரத்தை உறிஞ்சி வளையும். எந்த வண்ணமானாலும் இதில் மாற்றமில்லை.

திருமண மணைகள் இரண்டும் இப்போது என் அலமாரியில், இடையே கேக் சுடப் பயன்படுத்தும் ஒட்டாத தாளோடு, ஒன்றையொன்று அழுத்தாமல் செங்குத்தாக நிற்கின்றன. மாதம் ஒருமுறை, மழையில்லாத பிற்பகலில் வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றாட வைக்கிறேன். வளைகாப்புக்குக் கேட்டிருக்கிறார்கள், கொடுக்கும் முன் திருத்த வேண்டிய இழை எதுவும் இல்லை.