ஊரில் கரண்ட் போனது, கனடாவில் பில் ஏறியது

இந்த முறை யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குப் போய் வந்ததில் ஊரைப் பற்றிக் குறை சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. பலாலி விமான நிலையத்தில் குடிவரவு மேசையில் இருந்தவர் தமிழிலேயே கதைத்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவில் அந்தக் கூட்டத்தைச் சமாளித்த விதம் அருமை. சிம் கடையில்கூட மரியாதையான கவனிப்பு. காசைப் பிடுங்கியது, ரொறன்ரோவில் நாங்கள் பல வருடமாக மாதம் தவறாமல் காசு கட்டிவரும் தொலைபேசி நிறுவனம்தான். திரும்பி வந்து பில்லைத் திறந்தால் வழக்கத்தைவிட முந்நூறு டொலருக்கு மேல் கூடியிருந்தது. திருவிழாவுக்குப் போய் வந்த இன்னும் சில வீடுகளிலும் இதே கதை என்று பிறகு தெரிந்தது. அதனால் எப்படி நடந்தது, எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் போனது சென்னை வழியாக. கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி அங்கிருந்து வான் வண்டியில் யாழ்ப்பாணம் வரை இருந்து வர அம்மாவின் முழங்கால் விடாது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மீண்டும் வரத் தொடங்கியது. ஏறி இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். விமானம் சின்னது, சாமான் நிறையில் கறார். ரொறன்ரோவில் இருந்து ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் சென்னையில் அதற்கு ஒரு வழி பார்த்து வைக்க வேண்டும்.

சென்னையில் சிம் எடுக்க நான் மினக்கெடவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விசா, படம், தங்கும் முகவரி எல்லாம் கேட்பார்கள், உள்ளூர் ஆள் ஒருவரின் நம்பரும் பல இடங்களில் வேண்டும், அதற்குப் பிறகும் சிம் உயிர் பெற நேரம் எடுக்கும். இரண்டு இரவுத் தங்கலுக்கு அது தேவையில்லை என்று, புறப்படும் முன்பே இணையத்தில் ஒரு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வாங்கிப் போட்டிருந்தேன். அதில் நம்பர் இல்லை, டேட்டா மட்டும்தான். வட்ஸ்அப்புக்கும் வரைபடத்துக்கும் போதும்.

யாழ்ப்பாணம் வந்ததும் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷனுக்கு, அதாவது போன் கடைக்குப் போனோம். போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால் நின்ற பெடியன் கடவுச்சீட்டைப் படம் எடுத்தான், சிம்மைப் போட்டான், தன் போனில் இருந்து ஒரு கோல் எடுத்து மணி அடிக்கிறதா என்று பார்த்தான். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது.

"அக்கா, கனடா சிம்மைக் கழட்டி வைக்கட்டோ?"

"வேண்டாம் தம்பி, பாங்க் ஓடிபி அதுக்குத்தான் வரும்."

முழுச் சிக்கலின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. ஊரில் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு சேலை வாங்க அட்டையை நீட்டினாலும், கனடா வங்கி அந்தப் பழைய நம்பருக்குத்தான் இரகசிய எண்ணை அனுப்பும். ஆகவே சிம்மைக் கழற்ற முடியாது. வரும் குறுஞ்செய்திக்குக் காசு இல்லைதான். ஆனால் சிம் உயிரோடு இருக்கும்வரை கட்டணம் ஏறுவதற்கான கதவும் திறந்தே இருக்கும். எங்கள் திட்டத்தில் வெளிநாட்டில் போனை ஒரு முறை பாவித்தாலும் அன்றைய நாளுக்கு 16 டொலர். ஒரு நிமிடக் கோலுக்கும் அதுதான், நாள் முழுக்கப் படம் பார்த்தாலும் அதுதான். இலங்கை ரூபாயில் மூவாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு உள்ளூர் சிம்மில் ஒரு மாதம் தாராளமாக ஓட்டலாம்.

என் போனில் டேட்டா ரோமிங்கை, அதாவது கனடா சிம் வெளிநாட்டு வலையமைப்பில் டேட்டா எடுப்பதை, ரொறன்ரோவிலேயே நிறுத்திவிட்டேன். கனடா நம்பருக்கு வந்த ஒரு கோலையும் எடுக்கவில்லை. அப்படியும் பில்லில் என் நம்பருக்கு நேரே ஒரு 16 டொலர். பயன்படுத்திய டேட்டா 0, கோல் 0, அனுப்பிய குறுஞ்செய்தி 1. அப்படி ஒன்றை நான் அனுப்பவே இல்லை. நாளைப் பார்த்தால், கொமினிகேஷனில் புது சிம் போட்ட அதே நாள். ஐபோனில் சிம் மாறினால் அதன் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜையும் வீடியோக் கோல் சேவையான ஃபேஸ்டைமையும் புதிதாகப் பதிய, போன் தானாகவே சத்தமில்லாமல் ஒரு வெளிநாட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும். "உங்கள் நிறுவனம் இதற்குக் கட்டணம் அறவிடக்கூடும்" என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்து போகும். அனுப்பிய செய்தி நம் கண்ணில் படாது, பில்லில் மட்டும் படும்.

அடுத்தது நாள் என்ற கணக்கு. நிறுவனத்துக்கு நாள் முடிவது ரொறன்ரோ நேரப்படி நள்ளிரவில். கோடையில் யாழ்ப்பாணத்தில் அப்போது காலை ஒன்பதரை. காலையில் எழுந்து எட்டு மணிக்கு ஒரு படம் அனுப்பி, பத்து மணிக்கு இன்னொன்று அனுப்பினால் இரண்டு நாள் காசு. ஊரில் இருக்கிறவருக்கு அது ஒரே காலை. இதை எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் நான் கண்டதில்லை.

பெரிய தொகை ஏறியது அம்மாவின் போனில். அவருக்கு உள்ளூர் சிம் எடுக்கவில்லை. தம்பி வீட்டில் வைஃபை இருந்தது, அம்மா வெளியே போவதும் எங்களோடுதான். அவருடைய போனிலும் டேட்டா ரோமிங்கை நிறுத்தித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் பின்னேரம் கரண்ட் போனது. ரவுட்டர் அணைந்தது. அம்மாவோ பேத்தியோடு ஸ்காபரோவுக்கு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். கதை பாதியில் அறுந்ததும், பத்து வயது மருமகன் அப்பம்மாவின் போனை வாங்கி, அமைப்புக்குள் போய், மூடியிருந்ததைத் திறந்து, மீண்டும் பேத்தியைத் திரையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். வீட்டில் எல்லோரும் அவன் கெட்டித்தனத்தை மெச்சினோம். கரண்ட் திரும்ப வந்தது. ரோமிங் அப்படியே திறந்து கிடந்தது. அதன்பிறகு கோயிலுக்கும் கடைக்கும் போகிற ஒவ்வொரு நாளும், பைக்குள் கிடந்த போன் தன் பாட்டுக்கு வட்ஸ்அப் படங்களை இறக்கிக்கொண்டே இருந்தது.

நூறு டொலரைத் தாண்டியதும் நிறுவனம் டேட்டாவை நிறுத்திவிட்டு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறது: வரம்பு முடிந்தது, தொடர விரும்பினால் சம்மதம் தெரிவிக்கவும் என்று. ஆங்கிலத்தில். அம்மா ஆங்கிலம் வாசிக்க மாட்டார். பிறகு மருமகனைக் கேட்டபோது அவன் சொன்னது: "அதில ஓமோ இல்லையோ எண்டு கேட்டது மாமி. நான் ஓம் எண்டு போட்டன்."

திருவிழாவுக்கு வந்து கூடியிருந்த சொந்தங்களிடம் இந்த வரம்புகளைப் பற்றி விசாரித்தால், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. பாரிஸில் இருந்து வந்த மச்சான் கவலையே இல்லாமல் இருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதற்கு வெளியே, இலங்கை போன்ற இடங்களிலும், வாடிக்கையாளர் வேறுவிதமாகக் கேட்காவிட்டால் டேட்டாவை 50 யூரோவோடு நிறுத்த வேண்டும், வரி வேறு. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. 2021இலிருந்து பிரித்தானியாவும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான். லண்டன்காரர்கள் பாரிஸுக்குப் போனாலே திட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனைத் திறக்கிறார்கள். எங்களுக்கு இது புதிதும் இல்லை. நயாகரா ஆற்றங்கரையில் கனடாப் பக்கம் நின்றுகொண்டே அமெரிக்காவுக்கு நல்வரவு என்ற செய்தி வாங்கியவர்கள் ரொறன்ரோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

திரும்பி வந்து நிறுவனத்தோடு கதைத்தேன். முதலில் எடுத்த பெண் மிகவும் அன்பாக, "வாடிக்கையாளரே செய்தி மூலம் சம்மதித்திருக்கிறார்" என்றார். யார் சம்மதித்தது என்று கேட்டேன். அந்த இலக்கத்தைப் பாவிப்பவர் என்றார். கணக்கு யாருடைய பெயரில் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்.

கனடாவில் இதற்கு விதி இருக்கிறது. சிஆர்டிசி என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் கைத்தொலைபேசி விதிக்கோவை 2013 டிசம்பர் 2இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பில் மாதத்தில் டேட்டா ரோமிங் 100 டொலரைத் தாண்டினால், வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மேற்கொண்டு அறவிடக்கூடாது. 2017இல் அதை இன்னும் தெளிவாக்கினார்கள்: குடும்பத் திட்டத்தில் எத்தனை போன் இருந்தாலும் வரம்பு கணக்குக்கு ஒன்று, சம்மதம் தர வேண்டியது கணக்கின் உரிமையாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர். அம்மாவுக்கு நான் அப்படி எந்த அதிகாரமும் எழுதிக் கொடுக்கவில்லை, பத்து வயதுப் பெடியனுக்குக் கொடுக்கவே இல்லை. மேலதிகாரி ஒருவர் வந்தார். நாள் கட்டணம் என்பது டேட்டாக் கட்டணம் இல்லை, அது ஒரு பொதி என்று ஒரு விளக்கம் சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் நூறு டொலரில் நீங்கள் நிறுத்தியது எதை என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அம்மாவின் நம்பரில் நூறுக்கு மேல் போன முழுவதையும் கழித்துவிட்டார்கள். ஐமெசேஜ் அனுப்பிய 16 டொலரைக் கழிக்க மறுத்துவிட்டார்கள். அதற்காக நான் மேலே போகவில்லை, ஆனால் போகலாம். நிறுவனத்தோடு கதைத்துச் சரிவராவிட்டால் சிசிடிஎஸ் என்ற தொலைத்தொடர்பு முறைப்பாட்டு அமைப்பு இருக்கிறது. முறைப்பாடு செய்யக் காசு இல்லை.

இந்த 16 டொலர் எங்கே போகிறது என்று யோசிக்கலாம். இலங்கை நிறுவனத்தின் கோபுரத்தைப் பாவித்ததற்குக் கனடா நிறுவனம் அவர்களுக்கு மொத்த விலையில் ஏதோ ஒன்று கொடுக்கும். ஐரோப்பாவில் அந்த மொத்த விலைக்கும் சட்டத்தால் உச்ச வரம்பு வைத்ததால்தான் அங்கே ரோமிங் கட்டணம் இல்லாமல் போனது. கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையில் அப்படி ஒன்றும் இல்லை, நிறுவனங்கள் பேசிக்கொள்வதுதான் விலை. பைக்குள் கிடந்து நாலு படம் இறக்கிய போனுக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய் செலவாகியிருக்கும் என்று மட்டும் என்னால் நம்ப முடியாது.

அடுத்த முறை அம்மாவின் நம்பருக்கு டேட்டா ரோமிங்கை நிறுவனத்திடமே சொல்லி அங்கேயே பூட்டிவிடப் போகிறேன். போனில் பூட்டினால் பெடியள் திறப்பார்கள், அவர்கள் பக்கம் பூட்டினால் கணக்குக்காரர்தான் திறக்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் உள்ளூர் சிம் போடும் முன்பு ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைத்துவிட்டு, பிறகு கனடா நம்பரை அவற்றில் இருந்து எடுத்துவிடலாம். எடுக்காத கோல்கள் குரலஞ்சலுக்குத் திரும்புவதை ரொறன்ரோவிலேயே நிறுத்திவிடுங்கள், சில நிறுவனங்கள் அப்படித் திரும்பும் கோலையும் கணக்கில் போடும். ##002# அடித்தால் பல வலையமைப்புகளில் எல்லாத் திருப்பலும் நீங்கும். வங்கியின் செயலியில் குறுஞ்செய்திக்குப் பதிலாகச் செயலிக்குள்ளேயே உறுதிப்படுத்தும் வசதி இருந்தால் புறப்படும் முன்பே அதற்கு மாறிக்கொள்ளலாம், பிறகு ஓடிபிக்காக சிம்மைத் தாங்கிக்கொண்டு திரியத் தேவையில்லை.

இன்னொன்று, வெளிநாட்டு வலையமைப்பு தன் கணக்கை அனுப்பச் சில வேளை நாள் எடுக்கும். வந்த கையோடு பார்த்த பில்லில் ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், அடுத்த மாத பில்லையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.