இலவசமாக மாற்றித் தர வேண்டிய பம்புக்குப் பணம் பறித்தார்கள்

பழைய கார் வாங்கியவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் திடீரென்று அணைந்துவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக்கும் பாதி கைவிட்டுவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டர், இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தில் வேலை செய்வது. இன்ஜின் அணைந்தபின் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டொரு மிதிக்குத்தான் தாங்கும். பிறகு மிதி கல்லாய் இறுகிவிடுகிறது, ஸ்டீயரிங்கும் கனக்கிறது. பின்னால் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வர, பின் இருக்கையில் அம்மா முருகனைக் கூப்பிட, முழுப் பலத்தோடு மிதித்து ஓரம் கட்டினேன்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்கே வண்டியை இழுத்துச் சென்றோம். “பெட்ரோல் பம்ப் போய்விட்டது சார், எங்கேயோ கலப்படப் பெட்ரோல் போட்டிருக்கிறீர்கள்” என்று பழியை என் தலையில் கட்டி, பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டார்கள். பில்லைப் பார்த்த எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன், ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கேட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டார். அதே பம்ப் ரீகால் பட்டியலில், அதாவது கோளாறான பாகத்துக்காக நிறுவனமே திரும்ப அழைக்கும் வண்டிகளின் பட்டியலில், இருந்தது. இலவசமாக மாற்றித் தர வேண்டியது, இன்னும் நிலுவையில் என்று காட்டியது.

திரும்பப் போய்க் கேட்டால், “ரீகால் கடிதம் முதல் ஓனருக்குத்தானே சார் போயிருக்கும்” என்கிறார்கள். கடிதம் யாருக்குப் போனால் என்ன? கோளாறு வண்டியில் அல்லவா இருக்கிறது! கழற்றிய பம்பைக் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டதாம்.

இது அபூர்வமான சங்கதி அல்ல. 2024 மார்ச்சில் மாருதி சுசுகி 11,851 பலேனோ, 4,190 வேகன் ஆர் கார்களை எரிபொருள் பம்ப் மோட்டாருக்காகத் திரும்ப அழைத்தது. அவை 2019இல் தயாரானவை. அதற்குள் எத்தனை வண்டிகள் கைமாறியிருக்கும்! 2021 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு சுமார் 26,300 கிளாசிக் 350 பைக்குகளைப் பின் பிரேக் கோளாறுக்காக அழைத்தது. என் கார் வேறு நிறுவனத்துடையது. இவர்களாவது வெளிப்படையாக அறிவித்தார்கள். அறிவிப்பு இரண்டாவது உரிமையாளரின் காதுக்கு எட்டுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். சட்டம் இருந்தும் கவுன்ட்டரில் நிற்பவனுக்கு யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தபின், “அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்கிறோம்” என்று இறங்கி வந்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அங்கே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்களும் இப்படிப் பணம் கட்டியிருந்தால் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். இனி எந்தப் பாகத்தை மாற்றினாலும், பணம் கட்டுமுன் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்; கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.