துரைப்பாக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல்: 3 ஷேரிங் 8,500, சேரலாமா?

சென்னை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) புதுசா வேலை கிடைச்சு ரூம் தேடுற பொண்ணுங்களுக்காக எழுதுறேன். ஹாஸ்டல் பேர் போடல, இந்த ஏரியால முக்கால்வாசி ஹாஸ்டல் இதே கணக்குலதான் ஓடுது.

3 ஷேரிங், நான் ஏசி, சாப்பாட்டோட மாசம் 8,500. 22,000 சம்பளத்துல இது பெரிய காசுதான், ஆனா இதே தெருவுல சிங்கிள் பெட்ரூம் வீடு 16,000 சொல்றாங்க, மெயின்டனன்ஸ் தனி, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை தனி, அட்வான்ஸ் அஞ்சாறு மாசம் கேக்குறாங்க. 2017 வாடகைச் சட்டத்துல மூணு மாசம்தான்னு இருக்கு, ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதிகமா வாங்கலாம்னும் இருக்குறதால அக்ரிமென்ட்லயே எழுதி கையெழுத்து வாங்கிடுறாங்க. இதெல்லாம் தாண்டி, கல்யாணம் ஆகாத பொண்ணு தனியா இருக்கான்னா வீடே இல்லன்னு சொல்றவங்க எத்தனையோ பேர்.

ரூம் சின்னதுதான், மூணு கட்டில் போட்டா நடுவுல ஒரு ஆள் நடக்கலாம் அவ்ளோதான். பீரோ ஆளுக்கு ஒன்னு, பூட்டு நாமதான் வாங்கணும். தண்ணி லாரித் தண்ணி, உப்பு, தலைக்கு ஊத்துனா முடி கொட்டுது, காலைல ஏழு மணிக்கு மேல பாத்ரூம் வாசல்ல பக்கெட் வரிசைதான்.

சாப்பாடு பரவால்ல. சாம்பார் தண்ணியா இருக்கும், ஆனா சமையல்கார அக்கா தங்கம். செகண்ட் ஷிப்ட் முடிச்சு பதினோரு மணிக்கு மேல வர்றவங்களுக்கு டப்பால சப்பாத்தி எடுத்து வச்சு மூடில ரூம் நம்பர் எழுதி வச்சிருப்பாங்க, யாரும் சொல்லி செய்யல. அந்த ஒரு டப்பாவுக்காகவே இங்க இருக்குறவங்கள எனக்குத் தெரியும்.

எனக்குக் கோவம் வர்றது அட்வான்ஸ்லதான். 10,000 வாங்குறாங்க, காலி பண்றப்ப 3,000 பெயின்டிங் சார்ஜ்னு பிடிச்சிக்கிறாங்க, ஒரு மாசம் முன்னாடி சொல்லலன்னா மொத்தமும் போச்சு. என் ரூம்மேட்டுக்கு திடீர்னு கோயம்புத்தூர் டிரான்ஸ்ஃபர், லெட்டரக் காமிச்சும் ஒரு பைசா திரும்ப வரல. அரை மாச சம்பளம் அது, ஊருக்குப் போற பஸ் டிக்கெட்டுக்கு நாங்கதான் காசு போட்டோம். பெயின்ட் அடிக்கவே இல்ல, மறுநாளே அதே கட்டிலுக்கு வேற பொண்ணு வந்தாச்சு, அவகிட்டயும் 10,000. இது அநியாயம்.

இன்னொன்னு, பில்லுல ஜிஎஸ்டி சேத்தா கேளுங்க. மாசம் 20,000க்குள்ள வாடகை, தொடர்ந்து 90 நாள் தங்குறோம்னா 2024 ஜூலைலருந்து ஜிஎஸ்டி கிடையாது. லேடீஸ் ஹாஸ்டல்னா 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கணும், வார்டன்கிட்ட கேட்டா காமிக்கணும், தயங்குனா அங்க சேராதீங்க.

அரசாங்கத்தோட தோழி விடுதி தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறுல எல்லாம் இருக்கு, முதல்ல அங்க இடம் இருக்கான்னு பாத்துடுங்க. ஓஎம்ஆர்ல வேலை பாக்குற கூட்டத்துக்கு அந்த மாதிரி இன்னும் நிறைய கட்டணும், வேலை இருக்குற இடத்துக்குப் பக்கத்துலயே கட்டணும்.

இந்த ஹாஸ்டலுக்கு என் மார்க் 5க்கு 3. சேர்றதா இருந்தா அட்வான்ஸ்ல எவ்ளோ பிடிப்பாங்க, எத்தன நாள்ல திருப்பித் தருவாங்கன்னு ரசீதுலயே எழுதி வாங்கிட்டு சேருங்க, ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியான்னும் கேளுங்க, மே மாசம் மத்த ரெண்டு கட்டில்லயும் காத்தே வராது.