ஆர்எக்ஸ் 6600: கடலூர் வெக்கையில் மூன்று வருடம்

செகண்ட் ஹேண்டில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று முதுநகர்த் தம்பி ஒருவன் கேட்கிறான். 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர், 1080பி மானிட்டருக்கான கார்டு. இதெல்லாம் அவனுக்கே தெரியும். தெரியாதது அந்த ஃபேன்.

சிப் சூடாகாதவரை ஃபேன் நின்றே இருக்கும். அட்டைப்பெட்டியிலேயே ‘ஜீரோ ஆர்பிஎம்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். குளிர் ஊரில் அது வரம்தான். சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத அறை 34 டிகிரியில் கிடக்கும்போது, யூடியூபில் ஒரு வீடியோ ஓடினாலே சிப் 50ஐத் தாண்டிவிடும். ஃபேன் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கும், நிற்கும், திரும்பக் கிளம்பும். ஒவ்வொரு கிளம்பலுக்கும் ஒரு ‘க்ர்ர்’. கேம் ஆடும்போது சீராகச் சுற்றுவதால் காதில் உறுத்துவதே இல்லை. வேலை இருந்தால் அமைதி, சும்மா இருந்தால் முனகல். சில வீட்டு மாப்பிள்ளை மாதிரி.

காரணம் சிக்கலானதில்லை. பட்ஜெட் கார்டுகளில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங் ஃபேன்தான். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் படலம் சுற்றும்போது தாங்கும், நின்று நின்று கிளம்பும்போதுதான் தேயும். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி அலைச்சத்தம் கேட்கும் இடமென்றால் உப்பும் ஈரமும் சேர்ந்த தூசி இறக்கையில் பசை மாதிரி ஒட்டும். ஊதினால் போகாது. ஒரு இறக்கையில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டினால் எடை சமன் கெட்டு ஃபேன் லேசாக ஆடும், ஆட்டம் பேரிங்கைத் தின்னும்.

இதற்கு வழி இருக்கிறது. கார்டுக்கு ஏஎம்டி தரும் அட்ரினலின் சாஃப்ட்வேரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் டியூனிங், கஸ்டம், ஃபேன் டியூனிங் என்று போய் ஜீரோ ஆர்பிஎம்மை அணைத்துவிட வேண்டும். 60 டிகிரி வரை 30 சதவீதம், 75இல் 45, 85இல் 65 என்று வளைவை வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. அந்த 30 சதவீதச் சுழற்சி சீலிங் ஃபேன் சத்தத்தில் அமுங்கிவிடும். அதே பக்கத்தில் வோல்டேஜை ஒவ்வொரு முறையும் 25 மில்லிவோல்ட் குறைத்துக்கொண்டே போய், கேம் கிராஷ் ஆகும் இடத்திலிருந்து 50 மில்லிவோல்ட் திரும்ப ஏற்றி நிறுத்தினால் சூடும் கரண்டும் மிச்சம்.

ஆத்திரம் இங்கேதான். கரண்ட் போய் சிஸ்டம் பட்டென்று அணைந்தால், அட்ரினலின் அதை ‘டியூனிங்கால் வந்த கிராஷ்’ என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் டிஃபால்ட்டுக்குத் தள்ளிவிடும். ஜீரோ ஆர்பிஎம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மின்வாரியம் கரண்டை நிறுத்தினால் தண்டனை ஃபேனுக்கு! டியூனிங்கை ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்துவைத்தால் இரண்டு க்ளிக்கில் திரும்ப ஏற்றலாம். ஆனால் அது போயிருக்கிறது என்பதே ராத்திரி க்ர்ர் கேட்கும்போதுதான் தெரியும்.

அதனால் யுபிஎஸ் கட்டாயம். 65 வாட் பிராசஸரோடு இந்தக் கார்டு கேமில் இழுப்பது மானிட்டர் நீங்கலாக 250 வாட் சுற்றுவட்டாரம்தான். 360 வாட் தரும் 600 விஏ யுபிஎஸ் போதும். கேமை மூடி, ஷட்டவுன் கொடுக்க நேரம் கிடைக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபாக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள், அதாவது கம்ப்யூட்டரின் பவர் சப்ளைகள், மலிவு யுபிஎஸ் பேட்டரியில் தரும் சதுர அலை கரண்டில் அணைந்துவிடுவதுண்டு. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து வாங்கு. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைக்க வேண்டும். இல்லையென்றால் மாறும் நொடியில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியோடு எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் போர்ட் போய்விடலாம். முதலில் எலக்ட்ரீஷியன், பிறகு கார்டு. டவரைத் தரையிலும் வைக்காதே. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சுத்தம் செய்ய: மெல்லிய பிரஷ், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு, இறக்கை இறக்கையாக. ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேனை விரலால் அழுத்திக்கொள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். ஸ்லாட்டில் செருகும் தங்கப்பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடை. மாதக்கணக்கில் பூட்டிவைத்த கம்ப்யூட்டர்தான் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் ஓடினால் ஈரம் காயும்.

ஃபேன் செத்தே போனால் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார். அந்த மாடல் எண், விட்டம், திருகு ஓட்டைகளின் இடைவெளி, கனெக்டரில் எத்தனை பின், நான்கும் பொருந்த வேண்டும். ‘6600 ஃபேன்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் வேறெதாவதுதான் வரும்.

மற்றபடி குறை சொல்ல மனம் வராத கார்டு. 450 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ் போதும். மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ 4.0 பாதையில் 8 லேன்தான் என்றாலும் பி450 மாதிரி பழைய 3.0 போர்டில் இழப்பு சொற்பம். இதே விலைப்பக்கம் வரும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை 3.0 போர்டில் போடாதே. 4 லேன், 4 ஜிபி, இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 8 ஜிபியா 6 ஜிபியா என்று கேள். பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஆனால் தனி பவர் கனெக்டரே இல்லாத பழைய ஆபீஸ் டவருக்கு 70 வாட்டில் ஓடும் அந்த 6 ஜிபிதான் கதி. என்விடியாவின் பழைய 1660 சூப்பர் மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். அதில் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிடும்) ஹார்ட்வேர் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் அது இல்லாமல் ஓடாது. ஏஎம்டி பக்கம் அந்த கேமின் குறைந்தபட்சத் தேவையே 6600தான். புதுச்சேரியில் விலை குறையும் என்று பஸ் ஏறாதே, ஜிஎஸ்டி இரண்டு ஊரிலும் ஒன்றே. அங்கே மலிவு வேறு சரக்கு.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பி, செகண்ட் ஹேண்டில் இதை வாங்காதே. நேற்றும் கரண்ட் போனது, இதை எழுதும்போதும் என் கார்டு க்ர்ர் என்கிறது. மூன்று வருடம் தேய்ந்த ஃபேனையும் முடிந்த வாரண்டியையும் சேர்த்து உன் தலையில் கட்டுகிறார்கள். 2021 அக்டோபரில் வந்த கார்டு இது. 2025 அக்டோபரில் இந்தத் தலைமுறையின் டிரைவரை (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) புதுக் கார்டுகளிலிருந்து பிரித்துத் தனிக் கிளைக்கு மாற்றுகிறோம் என்று ஏஎம்டி சொல்லி, கூச்சல் எழுந்ததும் விளக்கம் கொடுத்தது. புதிதாக, சீரியல் எண் எழுதிய பில்லோடு கிடைத்தால் அது வேறு பேச்சு.

கேட்கவே மாட்டாய் என்றால் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து, அசல் 6600தானா என்று தெரிய, 1792 ஷேடர், 128 பிட் இருக்கிறதா பார். கால்மணி நேரம் முழு லோடில் ஓட்டி, சிப் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) 30 டிகிரிக்கு மேல் இடைவெளி வந்தால் சிப் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கிறது. கடைசியாக எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஃபேன் நிற்கும்வரை காத்திருந்து, அது திரும்பக் கிளம்பும் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேள். விற்பவன் அந்த நேரம் பார்த்துப் பேச்சுக் கொடுத்தால் ஃபேன் விலையைக் கழித்துக் கேள்.