ஃபைலை அழித்தது யார்? ஆடிட்டியோடு நான்கு வருடம்

காலையில் இருந்த ஃபைல் மாலையில் இல்லை. டீமில் யாரைக் கேட்டாலும் "நான் தொடவே இல்லை" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இந்தப் புகார் அடிக்கடி வரும். அதற்காகவே நான்கு வருடமாக ஆடிட்டியை (auditd, சர்வரில் யார் என்ன செய்தார்கள் என்று பதிவு வைக்கும் லினக்ஸ் புரோகிராம்) ஓடவிட்டிருக்கிறேன்.

முதலில், ஃபைலில் மாற்றம் நடந்தால் சொல்லும் ஐநோட்டிஃபை (inotify) வசதியைத்தான் நம்பினேன். ஃபைல் போன நேரத்தைத் துல்லியமாகச் சொன்னது, ஆனால் யார் செய்தது என்பது அதில் வராது. ஆடிட்டி அப்படியில்லை. எந்த புரோகிராம், எந்த பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே எழுதிக் கொடுக்கிறது. ஒருவர் சூடோ கமாண்ட் போட்டு, எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராக மாறியிருந்தாலும், முதலில் எந்த யூசராக லாகின் செய்தார் என்பதும் பதிவில் இருக்கும்.

இது கைகொடுத்த ஒரு சம்பவம். ஒரு டைரக்டரியில் டார் ஃபைலைப் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) பிரித்து வைப்போம். மறுநாள் காலையில் சில ஃபைல்கள் மட்டும் காணாமல் போயிருக்கும், மற்றவை அப்படியே இருக்கும். யாரும் எழுத முடியாதபடி அந்த ஃபைல்களுக்கு 444 பெர்மிஷன் கொடுத்துப் பார்த்தோம். பலனில்லை. யூனிக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மேல் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் டைரக்டரியில் எழுதும் அனுமதி இருந்தால் போதும். பிறகு, அந்த டைரக்டரியைக் கண்காணிக்கச் சொல்லி ஆடிட் ரூல் போட்டேன். மறுநாள் பதிவில் 'டிலீட்' என்ற வரி, அழித்த புரோகிராம், ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் (find). அதை ஓடவிட்ட தாய் பிராசஸைப் பிடித்துப் போனால் கிரான் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை.

ஏழு நாளுக்கு மேல் பழையதை எல்லாம் அழிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் அது, எம்டைமை (உள்ளடக்கம் கடைசியாக மாறிய தேதி) பார்த்து முடிவெடுத்தது. டார் பிரிக்கும்போது பழைய தேதியை அப்படியே வைத்துவிடும். அதனால் நேற்று மாலை வந்த ஃபைலின் மேல் 2 வருடத்துக்கு முந்தைய தேதி! ஸ்கிரிப்டை சிடைம் (ஃபைலின் விவரங்கள் இந்த சர்வரில் கடைசியாக மாறிய நேரம்) பார்க்கும்படி மாற்றினேன். அதன் பிறகு ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

டெம்ப் டைரக்டரியில் வைத்த ஃபைல் போனால் ஆடிட் வரை போகவே வேண்டாம். சர்வரின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் வழக்கமான அமைப்பில் அங்கே (/tmp) 10 நாள், வார் டெம்பில் (/var/tmp) 30 நாள், அவ்வளவுதான்; பிறகு தானாகவே அழித்துவிடும்.

குறைகளும் உண்டு. கமாண்டில் போட்ட ரூல் ரீபூட் ஆனால் போய்விடும், ரூல்ஸ் ஃபைலில் எழுதியே ஆக வேண்டும். வழக்கமான அமைப்பில் லாக் ஒவ்வொன்றும் 8 எம்பி, மொத்தம் 5 தான். பரபரப்பான சர்வரில் சனி ஞாயிறு தாண்டுவதற்குள் ஆதாரம் மேலெழுதப்பட்டுவிடும். இதில் ஒரு முறை அடிபட்டபின், அழிப்பதையும் பெயர் மாற்றுவதையும் மட்டும் பிடிக்கும்படி ரூலைச் சுருக்கினேன். அப்போது ரீநேம்அட்2 (renameat2) என்ற சிஸ்டம் கால் (system call, புரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். ஃபைலை நகர்த்தும் இன்றைய எம்வி (mv) கமாண்ட் அதைத்தான் அழைக்கிறது. வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்ட ஒரு ஃபைலை இரண்டு நாள் தேடினோம்.

ஆடிட் லாக்கில் ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். அப்படி ஒரு முறை மவுண்ட் பட்டியலை (எந்த டிஸ்க் எந்த டைரக்டரியில் இணைந்திருக்கிறது என்ற பட்டியல்) பார்த்தேன். டேட்டா டைரக்டரியின் மேலேயே புது டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தது. அன்மவுண்ட் செய்ததும் அடியில் அத்தனை ஃபைலும் பத்திரம். நெட்வொர்க் வழியாகப் பல மெஷின்கள் பகிரும் என்எஃப்எஸ் ஷேர் என்றால் கதை வேறு. வேறொரு மெஷினிலிருந்து அழித்தால் நம் மெஷினின் ஆடிட்டிக்குத் தெரியாது, அந்த ஷேரைப் பயன்படுத்தும் எல்லா மெஷினிலும் ரூல் போட வேண்டும்.

அழித்தவரைக் கண்டுபிடிப்பதற்கு முன் நான் செய்வது ஒன்று: திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கமாண்டை ஓட்டி, அழிந்த ஃபைலை ஏதாவது பிராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பது. திறந்திருந்தால் டேட்டா டிஸ்க்கில்தான் இருக்கிறது. அந்த பிராசஸை ரீஸ்டார்ட் செய்யாமல், ப்ராக் (/proc) டைரக்டரியில் அதன் எஃப்டி (fd, திறந்த ஃபைலுக்கு பிராசஸ் வைத்திருக்கும் எண்) வழியாக காப்பி எடுத்துவிடலாம். ஒரு டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட்டை இப்படித்தான் முழுதாக மீட்டேன்.