எங்கள் எல்கேஜி ஃபைல்: ஒரு வருடம் பார்த்த பிறகு

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் என் மகள் எல்கேஜி முடித்திருக்கிறாள். அங்கிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, பையில் ஒரு ஃபைல் வரும். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "ஸ்கூல் எப்படி?" என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்த ஃபைலைத்தான்.

நாடா கட்டிய சாதாரண அட்டை ஃபைல். வருடத்துக்கு 300 ரூபாய் வாங்குகிறார்கள். உள்ளே பிள்ளை வரைந்த தாள்கள், ஒன்றிரண்டு போட்டோ, மிஸ் கைப்பட எழுதிய அரைப் பக்கம். அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'வீட்டிலிருந்து' என்று எழுதி நாலு வரி இடம் விட்டிருப்பார்கள்.

ஜூலையில் வந்த பக்கம் இது: "இன்று புளியங்கொட்டைகளைக் கொட்டி வைத்தோம். பெரியதை ஒரு தட்டிலும் சிறியதை இன்னொரு தட்டிலும் போட்டாள். ஏழெட்டுக் கொட்டைகளை எதிலும் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். 'இது சேராது, அப்புறம் பாக்கணும்' என்றாள்."

எங்கள் வீடு சிவதாபுரம். முன்னறைதான் மாமாவுக்குப் பட்டறை. நாற்பது வருடமாக வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறார். இதை நான் சத்தமாகப் படித்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை படிம்மா" என்றார். சலங்கைகளை அளவு பார்த்துப் பிரிக்கும்போது இரண்டுங்கெட்டான் அளவில் இருப்பதை மடித் துணியில் போட்டுக்கொண்டு அவர் முணுமுணுப்பதும் இதே வார்த்தைகள்தான். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பா விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

மாமா சொல்லச் சொல்ல அந்த நாலு வரியில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அடுத்த ஃபைலில் மிஸ் எழுதியிருந்தார்: "இந்த முறை பட்டன்களும் மூன்று தட்டுகளும் கொடுத்தோம். மடியில் ஒன்றும் மிச்சம் இல்லை." அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளையின் யோசனை பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய், அவளுக்கு மூன்றாவது தட்டாகக் கிடைத்திருக்கிறது.

முந்தைய வருடம் வேறு ஒரு பள்ளி, அங்கே ஃபைலுக்குப் பதில் மொபைல் ஆப். தினமும் இருபது முப்பது போட்டோ வரும், கூட்டத்தில் நம் பிள்ளையைத் தேட வேண்டும். 'ஆக்டிவ்', 'வெரி குட்' என்று இரண்டு நட்சத்திரம். பதிலுக்கு நாம் ஒரு இதயத்தை அழுத்தலாம், அவ்வளவுதான். பள்ளி மாற்றியதும் லாகின் மூடிவிட்டது. நான் இறக்கி வைக்காத போட்டோ எல்லாம் போனது போனதுதான். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். ஆப் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆப் வைத்திருக்கும் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், படங்கள் யாரிடம் இருக்கும், விலகும்போது கையில் தருவார்களா என்று ஃபீஸ் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஃபைலில் எழுதும் முறை நியூசிலாந்திலிருந்து வந்தது என்று மிஸ் சொன்னார். மார்கரெட் கார் என்ற கல்வியாளர் வளர்த்தெடுத்த 'கற்றல் கதைகள்'. பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று பட்டியல் போடாமல், என்ன செய்தது என்பதைக் கதையாக எழுதுவது. நம் நாட்டிலும் 2022-ல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம், எட்டு வயது வரை தேர்வு வைப்பது பொருந்தாது, பிள்ளை செய்வதைக் கவனித்து எழுதுங்கள் என்றுதான் சொல்கிறது. இருந்தும் எங்கள் தெருவிலேயே நாலு வயதுப் பிள்ளைக்கு மார்க் ஷீட் வருகிறது.

குறையும் உண்டு. ஜூனில் வந்த முதல் ஃபைல் முழுக்க ஆங்கிலம். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். போய்ச் சொன்னேன். தமிழில் எழுதினால் பெற்றோர் குறைவாக நினைப்பார்களோ என்று பயந்தோம் என்றார்கள். ஜூலையிலிருந்து மாற்றிவிட்டார்கள், அதற்கு நன்றி. போட்டோ கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். முகம் அப்பிப்போய் வருகிறது. 22 பிள்ளைகளுக்கு ஒரே மிஸ் எழுதுவதால் ஆண்டு விழா சமயத்தில் ஆறு வாரம் ஃபைலே வரவில்லை. உதவிக்கு இன்னொருவரைப் போட வேண்டும்.

ஏற்காட்டில் என் நாத்தனார் பையன் அங்கன்வாடிக்குப் போகிறான். அங்கே எடை, உயரம் எல்லாம் போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில் ஏறிவிடுகிறது. எங்கள் ஃபைலைப் பார்த்துவிட்டு அவள் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினாள். காபிக் கொட்டை காயப்போடும் களத்தில் அவன் செய்வதை இரண்டு வரி எழுதி டீச்சரிடம் காட்டுகிறாள். டீச்சரும் அடியில் ஒரு வரி எழுதித் தருகிறாராம். அதற்கு சிக்னலும் வேண்டாம், 300 ரூபாயும் வேண்டாம்.

ஜூனில் யூகேஜி. ஃபைல் தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். 'வீட்டிலிருந்து' இடத்தை மட்டும் அரைப் பக்கமாக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.