அட்வான்ஸைக் கழிப்பதா, சாவியைப் பிடிப்பதா, நோட்டீஸ் விடுவதா?

கொங்குப் பக்கம் வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் பதில் இது: "சாவியக் குடுத்துட்டுப் போங்க, அடுத்த ஆளு வந்ததும் அட்வான்ஸை அனுப்பி வுட்டர்றனுங்க." சொல்பவர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் கொடுத்த பணம் எப்போதோ போர்வெல்லுக்கோ மகனின் காலேஜ் பீஸுக்கோ போயிருக்கும். அடுத்து வருகிறவர் தரும் அட்வான்ஸ்தான் உங்கள் கைக்கு வரப்போகிறது. ஆகவே ஆனி கடைசியில் காலி செய்யாதீர்கள். ஆடியில் பால் காய்ச்சிக் குடிவர ஆள் கிடைக்காது, பணம் ஆவணிக்குத் தள்ளிப்போகும். மார்கழிக்கும் இதேதான்.

வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000 என்று வைத்து ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கடைசி மாதங்களில் கழிப்பது

இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டு, அந்த இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்தால் 24,000 உங்கள் பக்கம் வந்துவிடும். வரவேண்டிய பாக்கி 36,000 மட்டும். மொத்தமாகக் கடைசி நாளில் வாங்குவதைவிட இதுதான் பாதுகாப்பு என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஐந்து மாதத்தையும் கழித்துவிட்டுப் போகப் பார்ப்பது தப்பு. கரண்ட் பில், உடைசலுக்கென வீட்டுக்காரர் கையில் எதுவும் இல்லாமல் போனால் அவருக்கும் நியாயமான கோபம் வரும். ஒரு மாத வாடகையாவது அவரிடம் நிற்கட்டும்.

சொல்லாமல் கழிக்கவும் கூடாது. அது வாடகை பாக்கி என்றே கணக்காகும். வாட்ஸ்அப்பில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, அட்வான்ஸ் 60,000-ல ஏப்ரல், மே வாடகை 24,000 கழிச்சுக்கலாமுங்களா? மீதி 36,000 சாவி குடுக்கற அன்னிக்கு." அவர் "சரிங்க" என்று போட்டால் கழிக்கவும் சம்மதம் கிடைத்தது, அட்வான்ஸ் தொகைக்கும் சாட்சி கிடைத்தது. ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டாவது லாபம்தான் பெரிது.

சாவியைப் பிடித்து வைப்பது

"பணம் வந்தாத்தான் சாவி" என்பது வாடகை வீட்டில் இரண்டு பக்கமும் வெட்டும். சாவி உங்களிடம் இருக்கும்வரை வீடு உங்கள் வசம். நாளொன்றுக்கு 400 ரூபாய் வாடகை ஏறுகிறது என்று அவர் வாதிடலாம். 36,000 பாக்கிக்காக மூன்று மாதம் சாவியைப் பிடித்தால் கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்கும். ஒரு வாரம் பேச்சுவார்த்தைக்காக வைத்திருக்கலாம். அதற்குமேல் இழுத்தால், தேதி குறிப்பிட்ட கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை ஒப்படைத்துவிடுங்கள். வாங்க மறுத்தால், ஒப்படைக்க வந்ததாக அன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

போகியத்துக்கு, அதாவது மொத்தத் தொகையை முன்பே கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல், இருப்பவர்களுக்கு இது நேர் எதிர். மாத வாடகை இல்லாததால் சாவியை வைத்திருப்பதில் அப்படி ஏறும் செலவு இல்லை, மாட்டியிருக்கும் தொகையோ லட்சங்களில். பணம் முழுதும் கணக்கில் ஏறிய பிறகே சாமான் வண்டி ஏற வேண்டும். பாதிப் பணத்துக்குக் காலி செய்யவே வேண்டாம்.

பெயிண்ட் கழிவு

சண்டை அதிகம் வருவது இங்கேதான். "ஒரு மாச வாடகை பெயிண்டுக்கு" என்பது வழக்கம், சட்டம் அல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர் பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் ஆகியவற்றை வீட்டுக்காரர் கணக்கில் வைக்கிறது. தண்ணீர் திறக்கும் குழாய் (டேப்), அதன் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கீசர், வாஷ்பேசின் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. எனவே ஒழுகும் குழாயையும் உடைந்த சுவிட்சையும் காலி செய்யும் முன்பே நீங்களே ஆள் வைத்து மாற்றுங்கள். அவர் போடும் கழிவைவிட அது குறைவாகவே முடியும். ஒப்பந்தத்தில் பெயிண்ட் செலவு உங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாட அதிகம் இல்லை. பெயிண்டர் பில்லைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நடுவில் காலி செய்கிறவர்கள் தோராயக் கணக்கில் நஷ்டப்படுகிறார்கள். அன்றைய மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். திருப்பூர் லைன் வீடுகளில் சப்மீட்டர் இருந்தால் அதையும் எடுங்கள். வெறும் வீட்டை வீட்டுக்காரரோடு சுற்றி வீடியோ எடுத்து, ஒரே தாளில் அட்வான்ஸ், ஒவ்வொரு கழிவு, மீதி, தரும் தேதி எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

போன பிறகு வராவிட்டால்

காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். அதனால் முப்பது நாள் முடிந்ததும் நோட்டீஸ். தொகை, சாவி கொடுத்த தேதி, பதினைந்து நாள் கெடு ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் போகட்டும். வக்கீல் பெயரில் போனால் மதிப்பு கூடும்.

அதற்கும் அசையாவிட்டால் நேரே வழக்குக்கு ஓடாதீர்கள். கோவை, ஈரோடு, சேலம் போன்ற மாவட்ட நீதிமன்றங்களில் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பொள்ளாச்சி, கோபி போன்ற ஊர்களில் வட்டக் குழு. வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தால் கட்டணம் இல்லை, எதிர்த்தரப்பை அழைப்பார்கள். அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காது, அதுதான் இதன் பலவீனம். முப்பத்தாறாயிரம் போன்ற தொகைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. விசாரிக்க 15100 என்ற சட்ட உதவி எண் உண்டு.

ஒப்பந்தம் அரசின் வாடகை இணையதளத்தில் பதிவாகி எண் பெற்றிருந்தால் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்ற வழி உண்டு. முத்திரைத் தாளில் மட்டும் எழுதியவர்களுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். சிவில் வழக்கு கடைசி வழி. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். கோர்ட் கட்டணத்தைவிட நடையும் வக்கீல் செலவும்தான் சிறு தொகையைத் தின்றுவிடும். போகிய லட்சங்களுக்கு என்றால் தயங்க வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில்" என்று திருப்பி அனுப்புவார்கள். சாமானை உள்ளே வைத்துப் பூட்டினாலோ மிரட்டினாலோ மட்டும் அங்கே போங்கள். மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்த வழியானாலும் பழைய வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். கோர்ட்டில் அதைக் காட்ட 2023-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும், அதற்கு அந்தப் போன் கையில் இருந்தால்தான் வேலை சுலபம்.